ஸ்பிளெண்டர் ரிங் செட்: டாப் ரிங்கின் பளபளப்பில் மயங்காமல் ஆயில் ரிங்கைப் பார்த்து வாங்குங்கள்

ஸ்பேர் கடையில் "ஸ்பிளெண்டர் ரிங் செட் ஒண்ணு குடுங்கண்ணே" என்று பிஸ்டனில் மாட்டும் வளையங்களைக் கேட்டால் கடைக்காரர் இரண்டு கேள்வி கேட்பார். ஸ்டாண்டர்டா, ஓவர் சைஸா? கம்பெனி ஐட்டமா, வெளி ஐட்டமா? ஓவர் சைஸ் என்பது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியபின் போடும் பெரிய ரிங். முதல் கேள்விக்கு பதில் கடையில் கிடைக்காது, போரை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்தால்தான் தெரியும். இரண்டாவதற்கு பதில் பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறது. சைலன்சரில் புகை வருகிறது, ஆயில் குறைகிறது என்று ரிங் மாற்றக் கிளம்புபவர்களில் பலர் இந்த இரண்டையுமே பார்ப்பதில்லை.

இங்கே பார்க்கப்போவது 97.2 சிசி, 50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட இன்ஜினுக்கான ரிங் செட். ஹீரோ ஹோண்டா சிடி100 காலத்திலிருந்து இன்றைய ஸ்பிளெண்டர் பிளஸ் வரை இந்த அளவு மாறவில்லை. ஆனால் ரிங்கின் தடிமனும் பிஸ்டனின் பள்ளமும் எல்லா ஆண்டு மாடலுக்கும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியின் ஆண்டைச் சொல்லி வாங்குங்கள். முடிந்தால் பழைய பிஸ்டனையே கையோடு கொண்டுபோய் அதன் பள்ளத்தில் புது ரிங்கை வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம்.

கவுண்டரில் கிடைப்பது மூன்று ரகம். வண்டிக் கம்பெனியின் ஜெனுவின் பாக்கெட் ஒன்று. ரிங் தயாரிப்பாளர் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று. கோட்ஸே, உஷா போன்ற பெயர்கள் இதில் வரும். நம் ஊரிலும் இந்தத் தொழில் பழசு. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் தொடங்கியது, மறைமலை நகரில் ஐபி ரிங்ஸ் இருக்கிறது. மூன்றாவது ரகம் பெயரே இல்லாத பாலிதீன் கவர். அல்லது பிரபலப் பெயரைப் போலவே அச்சடித்த அட்டைப்பெட்டி.

முதல் இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். ஜெனுவின் பாக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் உள்ள லாபம், மாடல் ஆண்டுக்குப் பொருந்தாத ரிங்கை வாங்கிவிடும் அபாயம் குறைவு என்பது மட்டும்தான். அளவு உறுதியாகத் தெரிந்தவர்களுக்குத் தயாரிப்பாளர் பாக்கெட்டே போதும். மூன்றாவது ரகம் வேண்டாம். காரணம் டாப் ரிங் அல்ல, சுவரிலுள்ள ஆயிலைச் சுரண்டி இறக்கும் ஆயில் ரிங்.

ஆயில் ரிங்குக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அதற்கு உதவிக்கு யாரும் இல்லை. டாப் ரிங்குக்குப் பின்னால் எரிந்த வாயுவின் அழுத்தம் புகுந்து அதைச் சிலிண்டர் சுவரோடு சேர்த்து அழுத்தும். ரிங்கின் சொந்த விறைப்பு கொஞ்சம் குறைந்தாலும் பவர் ஸ்ட்ரோக்கில் அது ஈடாகிவிடும். ஆயில் ரிங் இருக்கும் இடத்துக்கு அந்த அழுத்தம் வருவதே இல்லை. நடுவில் உள்ள எக்ஸ்பாண்டரின் ஸ்பிரிங் விசை ஒன்றை மட்டுமே நம்பி அது வேலை செய்கிறது. மட்டமான கம்பியில் செய்த எக்ஸ்பாண்டர் சூட்டில் தளர்ந்துபோனால் மொத்தமும் போச்சு.

பாக்கெட்டைப் பிரித்தால் ஐந்து துண்டு இருக்கும். டாப் ரிங், செகண்ட் ரிங், அலை அலையாக மடித்த எக்ஸ்பாண்டர், அதற்கு மேலும் கீழும் உட்காரும் இரண்டு மெல்லிய சைடு ரெயில். கடைசி மூன்றும் சேர்ந்துதான் ஒரு ஆயில் ரிங். எக்ஸ்பாண்டர் ரெயில்களை வெளிப்பக்கம் சுவரை நோக்கித் தள்ளும். கூடவே ஒன்றை மேலும் மற்றதைக் கீழும் விரித்துப் பள்ளத்தின் இரண்டு விளிம்போடும் ஒட்ட வைக்கும். இந்த இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. ஆயில் மேலே ஏறுவது சுவர் வழியாக மட்டும் அல்ல. ரிங் பள்ளத்துக்குள் மேலும் கீழும் ஆடினால், ரிங்கின் பின்பக்கமாகவே ஆயில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளப்படும், அடிபம்பு போல. மூன்றாவது வழி ரிங்கின் வாய், அதாவது இரண்டு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இறக்கத்தில் இறங்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடும். அப்போது இந்த எல்லா வழியிலும் ஆயில் மேலே உறிஞ்சப்படும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை இவை. எக்ஸ்பாண்டரின் இரண்டு முனையிலும் வண்ணம் தொட்டு வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ஒரு முனைக்கு ஒரு நிறம். அந்த நிறம் அலங்காரத்துக்கு இல்லை, மாட்டும்போது அதன் அவசியம் தெரியும். பெயரில்லாத பாக்கெட்டில் இது இல்லாமல் போவது சகஜம். ரெயிலை வெளிச்சத்தில் பிடித்து வெளி விளிம்பைப் பாருங்கள். சுவரைத் தொடும் அந்த விளிம்பில் குரோம் பூச்சு சீராக, முனை வரைக்கும் இருக்க வேண்டும். முனையில் பூச்சு உதிர்ந்து பொடிப்பொடியாக நிற்கிற ரெயில் போரைக் கீறிவிடும். ரெயிலைக் கண்ணாடி மேசை மேல் வைத்தால் தட்டையாகப் படிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டாப் ரிங் பளபளவென்று வெள்ளியாகவும் செகண்ட் ரிங் கறுப்பாகவும் இருக்கும். இரண்டிலும் வாயின் பக்கத்தில் ஆர், டி, என் என்று ஏதாவது ஒரு எழுத்துக் குறி இருக்கும். ஓவர் சைஸ் என்றால் கூடவே 25, 50 என்ற எண்ணும் இருக்கும். குறியே இல்லாத செகண்ட் ரிங்கை வாங்காதீர்கள். இந்த ரிங்கின் முகம் நேராக இல்லை, மிகச் சிறிய சரிவோடு கடைந்தது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் நகத்தைப் பிடிக்கும். அந்தக் கூர்மையான விளிம்பு கீழே இருக்க வேண்டும். பிஸ்டன் இறங்கும்போது ஆயிலைச் சுரண்டிக் கீழே தள்ளவும், ஏறும்போது ஆயில் படலத்தின் மேல் வழுக்கிப் போகவும் அந்தச் சரிவுதான் காரணம். தலைகீழாக மாட்டினால் நேர் எதிராக நடக்கும். பிஸ்டன் ஏறும்போதெல்லாம் ஆயிலை எரியும் அறைக்குள் வாரிக் கொட்டும். புது ரிங் போட்டும் முன்பைவிடப் புகை அதிகம் என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இதுதான்.

பெயர் பெற்ற பெட்டியிலும் போலி வருகிறது. ஹாலோகிராம் ஸ்டிக்கர், பெட்டியில் தெளிவான பார்ட் நம்பர், ரிங்குகள் ஒன்றோடொன்று உரசாமல் எண்ணெய்த் தாளில் சுற்றியிருப்பது, இவற்றைப் பாருங்கள். பில் கேளுங்கள். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி இடத்தில் நான்கு கடை ஏறி இறங்கினால் விலை வித்தியாசம் தெரியும். வழக்கமான விலையில் பாதி சொன்னால் யோசிக்க வேண்டும்.

இனி ஸ்டாண்டர்டா, ஓவர் சைஸா என்ற கேள்வி. இதற்குப் போர் கேஜ் வேண்டும் என்பார்கள், இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு அந்த ரிங் செட்டே அளவுகோல். புது ஸ்டாண்டர்டு டாப் ரிங்கை சிலிண்டர் பிளாக்கின் மேல்பகுதிக்குள் போட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளி நேராக உட்கார வையுங்கள். வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கைத் தேய்மானமே இல்லாத அடிப்பகுதிக்குத் தள்ளி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் மேலே போர் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று வந்துவிடும். அடியில் 0.20, மேலே 0.45 என்றால் வித்தியாசம் 0.25, வகுத்தால் 0.08 மி.மீ. தேய்மானம். 0.10 மி.மீ. என்பது இந்த அளவு இன்ஜினுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை. அதைத் தொட்டுவிட்ட போரில் புது ஸ்டாண்டர்டு ரிங்கின் வாய் இருக்க வேண்டியதைவிட 0.31 மி.மீ. கூடுதலாகத் திறந்திருக்கும். எவ்வளவு நல்ல ரிங் போட்டும் பயனில்லை, பணம் தண்டம்.

வாய் இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? 50 மி.மீ. போருக்கு டாப் ரிங் 0.20 மி.மீ. சுற்றி இருந்தால் சரி. செகண்ட் ரிங் அதே அளவு அல்லது கொஞ்சம் கூடுதல். சைடு ரெயில் 0.20 முதல் 0.70 வரை போகலாம். சர்வீஸ் மேனுவலில் வேறு அளவு இருந்தால் மேனுவல் சொல்வதே கணக்கு. 0.10-க்கும் கீழே இருந்தால் ஆபத்து. சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டி, போரைக் கடித்து, சீஸ் ஆகிவிடும், அதாவது இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

அளவோடு இன்னொரு சோதனையும் செய்யலாம், காசு செலவில்லை. ரிங்கைப் போருக்குள் நேராக வைத்து, அடியில் டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். வாயைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. ஓரிடத்தில் பிறை மாதிரி ஒளி தெரிந்தால் போர் வட்டமாக இல்லை, முட்டை வடிவம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் சில பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி நடக்கிறது. போர் தேய்ந்திருக்கிறது, போர் வேலைக்கும் பிஸ்டனுக்கும் காசு இல்லை என்றால், 0.25 ஓவர் சைஸ் ரிங்கை வாங்கி முனையை அரத்தால் தேய்த்துப் பழைய பிஸ்டனிலேயே மாட்டிவிடுவார்கள். டாப் ரிங்கையும் செகண்டையும் அப்படித் தேய்த்து உள்ளே நுழைத்துவிடலாம், வட்டம் சரியாக அமையாது, ஒளி கசியும். சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வோம். எக்ஸ்பாண்டரை என்ன செய்வது? 0.25 பெரிய வட்டத்துக்குச் செய்த அதன் சுற்றளவு 0.78 மி.மீ. கூடுதல். அரம் போட முடியாது, முனை கெட்டுவிடும். அப்படியே போட்டால் அளவுக்கு மீறிய அழுத்தம், அல்லது முனை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். முதலாவது நடந்தால் கொஞ்ச நாள் புகை நிற்கும், கூடவே போரும் வேகமாகத் தேயும். இரண்டாவது நடந்தால் புகை நிற்கவே நிற்காது. "நாலு மாசம் நல்லா ஓடுச்சு, மறுபடி ஆரம்பிச்சுடுச்சு" என்று வரும் வண்டிகளில் இந்த வைத்தியத்தைத் தேடிப் பாருங்கள்.

ஸ்பிளெண்டர் பிளாக்கில் இருப்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உள்குழாய்), அதனால் போர் பண்ண, அதாவது கடைந்து பெரிதாக்க முடியும். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நான்கு படி. ஒரே தாவலில் 1.00-க்குப் போக வேண்டிய அவசியம் எப்போதாவதுதான் வரும். தேய்மானமும் கீறலும் நீங்கும் முதல் அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். பிஸ்டனையும் ரிங்கையும் முதலில் வாங்கி, அந்தப் பிஸ்டனைக் கையில் கொடுத்து, "இதுக்கு அளந்து போடுங்க" என்பதே முறை. பெட்டியில் 50.25 என்று எழுதியிருப்பதை நம்பிப் போர் பண்ணக் கூடாது. பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே 0.02 முதல் 0.04 மி.மீ. இருந்தால் நல்ல வேலை. பிஸ்டன் ஒரு கம்பெனி, ரிங் ஒரு கம்பெனி என்று கலக்காமல் இருப்பதும் நல்லது. பள்ளத்தின் அகலத்தில் வரும் சின்ன வித்தியாசமே ரிங்கை ஆட வைத்துவிடும். பள்ளத்துக்கும் ரிங்குக்கும் நடுவே மேல்கீழாக 0.02 முதல் 0.05 மி.மீ. இருக்கலாம், 0.10 ஆகிவிட்டால் அந்தப் பிஸ்டன் உதவாது.

போர் தேயாமல் ரிங் மட்டும் மாற்றினாலும் ஹோனிங், அதாவது சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்துக் கோடு போடும் வேலை வேண்டும். பல கிலோமீட்டர் ஓடிய சுவர் கண்ணாடி மாதிரி மழமழப்பாக இருக்கும். அதில் புது ரிங் படியாது, ஆயிலும் நிற்காது. ஹோனிங் கல் மேலும் கீழும் போய்வர விழும் குறுக்குக் கோடுகள் 45 முதல் 60 டிகிரிக்குள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். குரோம் ரிங்குக்கு 220 அல்லது 280 கல் பொருத்தம். கோடு மிகவும் படுத்துக்கொண்டு வளையம் வளையமாக இருந்தால் ஆள் டிரில்லை வேகமாகச் சுற்றி மெதுவாக இழுத்திருக்கிறார். அந்தக் கோட்டில் ஆயில் அதிகம் தங்கி ரிங்குக்கு மேலேயே நிற்கும்.

ஹோனிங் முடிந்த பிளாக்கைப் பெட்ரோலில் கழுவி, காற்று அடித்து, அப்படியே மாட்டுவது நம் ஊர் வழக்கம். புது ரிங் சீக்கிரம் தேய்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் பசையை எடுக்கும், கோட்டுக்குள் புதைந்த கல் தூளை எடுக்காது. வெந்நீரும் துணி துவைக்கும் பவுடரும் போட்டு, பிரஷால் நன்றாகத் தேய்க்க வேண்டும். துடைத்தபின் வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் நனைத்துச் சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். காய்ந்ததும் உடனே ஆயில் தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலையில் சிவப்பாகத் துரு நிற்கும்.

பழைய பிஸ்டனையே போடுகிறீர்கள் என்றால், ஆயில் ரிங் பள்ளத்தின் உள்ளே உள்ள சின்னத் துளைகளை மறக்கக் கூடாது. ரிங் சுரண்டிய ஆயில், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குத் திரும்பும் வழி அதுதான். அது கரி அடைத்துக்கொண்டால் சுரண்டிய ஆயிலுக்குப் போக இடமில்லை, மேலேதான் ஏறும். துளைக்குச் சரியான அளவு டிரில் பிட்டைக் கையால் திருகி எடுங்கள், மெஷினில் போட்டுப் பெரிதாக்காதீர்கள். இந்தத் துளை விஷயம் சின்னதல்ல. 2000-களின் பின்பாதியில் வந்த டொயோட்டாவின் 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் இந்தத் துளைகள் அடைத்து ஆயில் குறைகிறது என்று அமெரிக்காவில் புகார் எழுந்தது. கம்பெனி 2015-இல் வாரண்டியை நீட்டித்து, சோதனையில் 1200 மைலுக்கு ஒரு குவார்ட்டுக்கு (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) மேல் ஆயில் குடித்த கார்களுக்குப் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுத்தது. பள்ளத்தைச் சுத்தம் செய்யப் பழைய ரிங்கை உடைத்து அதன் முனையால் சுரண்டுவது வழக்கம். செய்யலாம், ஆனால் கரியை மட்டும் எடுங்கள். அலுமினியம் பளிச்சென்று தெரிந்தால் பள்ளத்தையே சுரண்டுகிறீர்கள்.

மாட்டும் வேலை. எக்ஸ்பாண்டர் முதலில். பள்ளத்தில் வைத்து இரண்டு முனையும் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள், ஏறிக்கொண்டு நிற்கக் கூடாது. பிறகு ஒரு ரெயிலின் முனையை எக்ஸ்பாண்டருக்கு மேல் வைத்து, கட்டைவிரலால் சுற்றிலும் தடவித் தடவி இறக்குங்கள். ரெயிலுக்கு ரிங் பிளையர் போட வேண்டாம், வளைந்துவிடும். ரெயிலுக்கு மேல் கீழ் கிடையாது, எப்படி வேண்டுமானாலும் போடலாம். இரண்டாவது ரெயிலையும் இறக்கியபின் எக்ஸ்பாண்டரின் வாயை மறுபடி பாருங்கள். வேலையின் உயிர்நாடி இந்தப் பார்வைதான். முனையில் தொட்டிருந்த இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் சரி. ஒரு நிறம் மட்டும் தெரிந்தால் மற்ற முனை அடியில் போய்விட்டது. அப்படியே மூடினால் ஆயில் ரிங்குக்கு அழுத்தமே இருக்காது. முதல் கிக்கிலிருந்தே நீலம் கலந்த வெள்ளையாகப் புகைக்கும். மாட்டி முடித்த ஆயில் ரிங்கைக் கையால் சுற்றினால் லேசான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். சிக்கவும் கூடாது, லொடலொடவென்று ஆடவும் கூடாது.

அடுத்து செகண்ட், பிறகு டாப், எழுத்துக் குறி மேலே. தேவைக்கு மேல் விரிக்காதீர்கள். வார்ப்பிரும்பு ரிங் உடையும், உடையாவிட்டாலும் முறுக்கிக்கொள்ளும். மூன்று வாயும் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கட்டும். இரண்டு ரெயிலின் வாயும் எக்ஸ்பாண்டர் வாயிலிருந்து இருபுறமும் குறைந்தது 20 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். எந்த வாயும் பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் குறுக்குத் தண்டு) நேராகவோ, பிஸ்டன் சுவரில் சாய்ந்து அழுத்தும் பக்கத்துக்கு நேராகவோ வரக் கூடாது. ரிங் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றும் என்பது உண்மைதான், அதற்காக எல்லா வாயையும் ஒரே கோட்டில் வைத்துத் தொடங்க வேண்டியதில்லை.

பிஸ்டன் தலையில் உள்ள ஐஎன் குறி இன்டேக் பக்கம். கிரான்க் கேஸின் வாயில் துணியை அடைத்துவிட்டுத்தான் பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் லாக்கைத் தொட வேண்டும். அந்தச் சின்னக் கம்பி உள்ளே விழுந்துவிட்டால் அரை நாள் வேலை முழு நாளாகும். லாக் புதிது போடுங்கள், அதன் வாய் பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிளெண்டரின் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருப்பதால், பிளாக்கை முன்னாலிருந்து தள்ளி ஏற்றும்போது கீழ்ப்பக்கத்து ரெயில் கண்ணில் படாமல் மடங்கிக்கொள்ளும். ஒவ்வொரு ரிங்காக விரலால் அமுக்கி, அடிப்பக்கத்தையும் தடவிப் பார்த்து ஏற்றுங்கள். சுத்தியலால் தட்ட வேண்டி வந்தால் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று: ரிங்தான் காரணமா என்று தெரிந்துகொண்டு பிரிக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை விட்டு, அரை நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல், அல்லது கைடு. ஏற்றத்தில், இரண்டு பேர் ஏறி, ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போது விடாமல் புகைத்தால் ரிங் அல்லது போர். பிளக்கைக் கழற்றி அதன் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கம்ப்ரஷன் கேஜில் முன்பும் பின்பும் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆயில் விட்டதும் முள் நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிவு, ஏறாவிட்டால் வால்வு பக்கம். ஆனால் ஆயில் ரிங் மட்டும் கரியில் இறுகிப்போயிருந்தால் இந்த கேஜ் எதையும் காட்டாது, ஏனென்றால் கம்ப்ரஷனைப் பிடிப்பது அதன் வேலை இல்லை. "கம்ப்ரஷன் நல்லா இருக்கு, அதனால ரிங் ஓகே" என்ற வாதம் அங்கே தப்பாகிறது. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருப்பதும், பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) அடைத்திருப்பதும் இதே புகையைத் தரும். இரண்டும் ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியவை.

ரிங் செட்டின் பக்கத்து அலமாரியிலேயே "ஆயில் குடிப்பதை நிறுத்தும்" பாட்டில்களும் நிற்கும். இன்ஜின் ஃப்ளஷ் வகை, கரியில் லேசாக ஒட்டிய ரிங்கை விடுவிக்கலாம். தேய்ந்த ரிங்குக்கும் விரிந்த போருக்கும் அதனிடம் மருந்து இல்லை. பிளக் துளை வழியாக டீசலோ திரவமோ ஊற்றி இரவெல்லாம் ஊறவைக்கும் முறை நேராக நிற்கும் சிலிண்டருக்கு ஏற்றது. படுத்த சிலிண்டரில் அது கீழ்ப்பக்கம் மட்டும் தேங்கும், மேல்பக்க ரிங்கைத் தொடாது. கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் புகை கொஞ்சம் குறையும், வண்டியை விற்கப்போகிறவர்கள் செய்வது அது.

புது ரிங் போட்டபின் கம்பெனி சொல்லும் 10டபிள்யூ-30, ஜாஸோ எம்ஏ குறி உள்ள மினரல் ஆயில் போதும். இந்த வண்டியில் கிளட்சும் அதே ஆயிலில் ஊறுவதால் கார் ஆயில் ஆகாது, வழுக்கும். ஸ்டார்ட் செய்து ஸ்டாண்டில் நிறுத்தி மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடுவதும் தவறு. சுமை இல்லாத ஓட்டத்தில் ரிங் சுவரோடு அழுந்தாது, கோடுகள் வீணாக மழுங்கும். சூடானதும் சாலைக்கு எடுத்துப் போய், மிதமாக முறுக்குவதும் விடுவதுமாக ஓட்டுங்கள். முறுக்கும்போது ரிங் படியும், விடும்போது உறிஞ்சப்படும் ஆயில் சுவரைக் குளிர்விக்கும். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் வேண்டாம். 500 கி.மீ.யில் ஆயிலை மாற்றிவிடுங்கள், ரிங் படியும்போது விழுந்த இரும்புத்தூள் அதில் இருக்கும்.

இந்த இன்ஜினில் மொத்தமே ஒரு லிட்டர் அளவு ஆயில்தான் என்பதால் குறைவதை அளந்து பார்ப்பது அவசியம். முதல் 500 கி.மீ.யில் கொஞ்சம் குறையும், புகையும் லேசாக இருக்கும், அதற்காகப் பதற வேண்டாம். ஆயில் மாற்றியபின் டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை ஊற்றி, 1000 கி.மீ. ஓட்டி, மறுபடி மேல்கோட்டுக்குக் கொண்டுவர எவ்வளவு ஊற்றினீர்கள் என்று அளவு டம்ளரால் பாருங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டில், சமதரையில், இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து. எங்கள் கணக்கில் 100 மி.லி. வரை விட்டுவிடலாம். 250 மி.லி.யைத் தாண்டினால் மறுபடி பிரிக்கத்தான் வேண்டும். அப்போது முதலில் எக்ஸ்பாண்டரின் முனை, அடுத்து செகண்ட் ரிங்கின் குறி, அதற்கு அடுத்து வால்வு சீல் என்று இந்த வரிசையில் பாருங்கள். இன்னொரு ரிங் செட் வாங்கக் கடைக்கு ஓடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.